ஒடிக்காமல் விட்ட மூன்று விரல்கள்

அத்தியாயம் 5

செவிலிப் பெண் போர்வையை விலக்கியபோது துப்பறிவாளர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தார்.

முகத்தில் பார்ப்பதற்கும் அதிகம் மிச்சமில்லை. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. மேலுதடு கிழிந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஆனால் முகத்தில் விழுந்த அடிகள் கோபத்தில் விழுந்தவை. கைகளில் நடந்தது கோபமில்லை, நிதானம். இடது கையின் ஐந்து விரல்களும் ஒன்று விடாமல் ஒடிக்கப்பட்டுப் பட்டையில் கட்டப்பட்டிருந்தன. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும். ஆக மொத்தம் ஏழு.

“ஒரே அடியில உடைஞ்சதில்ல சார்,” என்றாள் செவிலி. “ஒவ்வொண்ணா, பின்பக்கமா மடக்கி ஒடிச்சிருக்காங்க. நடுவுல நேரம் விட்டு விட்டு.”

துப்பறிவாளருக்குப் பின்னால் நின்ற மச்சான், அவர் மனைவியின் தம்பி, தன் பத்து விரல்களையும் ஒருமுறை மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

“அத்தான், நான் வேணா வெளிய நிக்கட்டுமா? காலைல சாப்பிட்டது மேல வந்து, என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்குது.”

“நில்லு. வலது கட்டைவிரலைப் பார்.”

ஒடிக்காமல் விட்ட மூன்று விரல்களில் ஒன்று அது. அதன் சதையில் பிறை வடிவத்தில் ஒரு புதிய வெட்டு. மெல்லியது, ஆனால் ஆழமானது.

“அது வேற காயம்,” என்றாள் செவிலி. “அடிச்சதுல வந்ததில்ல. கூரா ஏதோ கிழிச்சிருக்கு. பிளேடு மாதிரி.”

இந்தப் பிறையை வேறெங்கோ பார்த்திருக்கிறோம் என்று துப்பறிவாளருக்குத் தோன்றியது. எங்கே என்பது பிடிபடவில்லை.

படுக்கையில் கிடந்தவருக்குப் பூட்டுத் தொழிற்சாலையில் ‘மேடைக்காரர்’ என்று பெயர். வேலை நடக்கும்போது ஆள் கண்ணில் படமாட்டார். பாராட்டு நடக்கும்போது மேடையில் முதல் ஆளாக நிற்பார். அவருக்கு அடுத்த மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்து பூட்டுகளைச் செய்தவள் துப்பறிவாளரின் தங்கை. பட்டறையில் அவளைப் பூட்டுக்காரி என்பார்கள். அவள் செய்வாள், இவர் தன் பேரைப் போட்டுக்கொள்வார். போன மாதம், பெட்டகங்களுக்கென்று அவள் மூன்று வருடம் பாடுபட்டுச் செய்த எண் பூட்டுக்கு விருது கிடைத்தது. வாங்கியவர் மேடைக்காரர். பத்திரிகையில் படம் வந்தது. ‘இந்தப் பூட்டின் தந்தை’ என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை பத்திரிகையோடு தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். துப்பறிவாளர் முழுவதும் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நம்ம வீட்டுச் சத்தம் வாசல் தாண்டினதில்ல. உன் வேலை உனக்குத் தெரியும். அது போதும்,” என்றார். அவள் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் குடும்பத்தில் அழுவதென்றாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுவார்கள். அந்தக் கௌரவத்தைக் கட்டிக் காத்தவர் என்ற பெருமை துப்பறிவாளருக்கு உண்டு.

ஆனால் மறுநாள் பட்டறையில், இருபது பேர் முன்னால், மேடைக்காரரைப் பார்த்து அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டாள். “உங்க கையே ஒருநாள் உங்களைக் காட்டிக் கொடுக்கும்.”

இன்று விடியும்போது தொழிற்சாலை வாசலில் மேடைக்காரரை யாரோ தூக்கி வீசிவிட்டுப் போயிருந்தார்கள். நினைவு இருந்த பத்து நிமிடத்தில் அவர் போலீசிடம் சொன்னது ஒன்றுதான். ஆள் வைத்து விரலை ஒடித்தவள் பூட்டுக்காரி.

ஆறு மணிக்குத் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுச் செருப்போடு தங்கை ஜீப்பில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் துப்பறிவாளரின் கீழ் வேலை பார்த்தவர். கைரேகை எடுத்த பிறகு, அந்தப் பழைய மரியாதைக்காக அவளை அண்ணன் பொறுப்பில் வெளியே விட்டார். “நாலு மணிக்கு நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க சார். வேற ஆதாரம் இருந்தா அதையும் கொண்டு வாங்க. இல்லன்னா அவங்களை உள்ள வைக்கிறதைத் தவிர எனக்கு வழியில்ல.”

இப்போது மணி இரண்டு.

*

அறைக்கு வெளியே நீண்ட நடைபாதை. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். நோயாளிகளைப் பார்க்க வந்த ஏழெட்டுப் பேர். அவர்களில் வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த ஆள் ஒருவர் மடியில் தாள் விரித்து, இடது கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதைவிடச் சிதைப்பது அதிகமாக இருந்தது.

“என்னண்ணே, பழத்து மேல ஏதாவது கோபமா?” என்று மச்சான் போகிறபோக்கில் கேட்டான்.

அவர் சிரித்தார். “இடது கைக்குப் பழக்கமில்ல தம்பி.” வலது கட்டைவிரலில் சுற்றியிருந்த கட்டைத் தூக்கிக் காட்டினார். “கதவுல நசுங்கிடுச்சு.”

துப்பறிவாளர் ஜன்னலோரம் போய் நின்றார். முதுகு சுவரைப்போல் நிமிர்ந்திருந்தது. மனம் நிலைகொள்ளாதபோது அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வது வழக்கம்.

“மச்சான், உன் வேலையை ஒருத்தன் திருடிட்டான். ஆத்திரம் தாங்காம அவன் விரலை ஒடிக்கிறே. எதுல ஆரம்பிப்பே?”

“எனக்கு வேலையே கிடையாது அத்தான். திருடினவன்தான் பாவம்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

மச்சான் யோசித்தான். “வேலை செய்யுற விரல்ல. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். எதை வெச்சுப் பேரு வாங்கினானோ அதை.”

“அந்த மூணை மட்டும்தான் விட்டிருக்காங்க.”

மச்சான் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தான். சிரிப்பு போயிருந்தது.

“பழி வாங்க வந்தவன் அந்த மூணைத்தான் முதல்ல எடுத்திருப்பான்,” என்றார் துப்பறிவாளர். “இவனுங்க அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருக்கானுங்க. ஏன்? அந்த மூணு விரலால ஆகவேண்டிய வேலை ஒண்ணு இருந்திருக்கு. மத்த ஏழும் மிரட்டுறதுக்கு.”

“மூணு விரலால என்ன வேலை? எழுதலாம். எண்ணலாம். மூக்குப்பொடி போடலாம்.”

“பெட்டகத்துக் குமிழைத் திருப்பலாம்.”

அதைச் சொன்ன கணத்தில் அந்தப் பிறை எங்கே பார்த்தது என்பது நினைவுக்கு வந்துவிட்டது. காலையில் காவல் நிலையத்தில் தங்கையின் விரல்களை மையில் உருட்டினார்கள். குற்றவாளியைப் போல அவள் கையை இன்னொருவர் பிடித்து அழுத்துவதைப் பார்க்கச் சகிக்காமல், அவர் தாளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு ரேகையின் நடுவில் வெள்ளையாக ஒரு பிறை விழுந்திருந்தது. அதே கட்டைவிரல். அதே இடம்.

உடனே தங்கைக்குப் போன் போட்டார். போனில் அவருடைய குரல் அணிவகுப்புக்குக் கட்டளையிடும் குரல். அதைக் குறைக்க அவருக்குத் தெரியாது.

“எங்க இருக்கே? பட்டறையிலயா? ஆதாரமா காட்ட உன் பழைய வரைபடத்தை எல்லாம் எடுத்துட்டியா?”

“எடுத்துக்கிட்டு இருக்கேன் அண்ணா. இன்னைக்குப் பட்டறை லீவு. வாட்ச்மேன் மட்டும்தான் இருக்காரு.”

“உன் கட்டைவிரல்ல ஒரு தழும்பு இருக்கே. அது எப்ப வந்தது?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“சொல்லு.”

“பூட்டு வெட்டினது. குமிழை உள்ள அழுத்திப் பிடிச்சுக்கிட்டேதான் திருப்பணும். அழுத்தாம மூணு தடவை திருப்பினா, பின்னாலிருந்து சின்னத் தகடு ஒண்ணு வெளிய பாயும். கட்டைவிரல் இருக்கிற இடத்துல. எதைச் செஞ்சாலும் முதல்ல என் கையில சோதிச்சுத்தானே பட்டறைக்கு வெளிய அனுப்புவேன். உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாது. பதினான்கு வருடத்தில் அவர் கேட்டதில்லை.

“அந்தத் தகடு விஷயம் மேடைக்காரருக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அவர் தூக்கிட்டுப் போனது ஆறு தாள். தகடு ஏழாவது தாள்ல வரணும். அதை நான் வரையவே இல்ல, என் தலையிலதான் இருக்கு. பின்மூடியை நானே மாட்டிடுவேன். வாங்கினவங்க இடத்துக்கும் நானே போய், அழுத்திப் பிடிச்சுத் திருப்புங்கன்னு சொல்லிக் கொடுத்துட்டு வந்துடுவேன். அவர் அந்தப் பூட்டுல ஒருநாளும் கை வெச்சதில்ல அண்ணா. மேடையிலகூட ஓரமாத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.”

“இதுவரைக்கும் எத்தனை வித்திருக்கு?”

“ஒண்ணே ஒண்ணு. நகைக்கடைக்கு. போன வாரம் பெட்டகத்தோட தூக்கிட்டுப் போனாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அது.”

“துளை போட்டுத் திறக்க முடியாதா?”

“துளை போட்டா உள்ள இருக்கிற கண்ணாடி உடையும். உடைஞ்சா தாழ் இறுகிடும். அப்புறம் செஞ்சவ நினைச்சாலும் திறக்காது.”

“சரி. பட்டறையிலயே இரு. தனியா இருக்கே, வெளிய எங்கயும் போகாதே. அரை மணியில வர்றோம்.”

போனை வைத்ததும் மச்சான் காதைத் தேய்த்துக்கொண்டான். “அத்தான், உங்களுக்கெல்லாம் போன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பேசினாலே அவங்களுக்குக் கேட்டிருக்கும்.”

துப்பறிவாளர் அறைக்குள் நுழைந்தார்.

*

மேடைக்காரர் விழித்திருந்தார். திறந்திருந்த ஒற்றைக் கண் துப்பறிவாளரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பியது.

“சார், உங்க தங்கச்சி இப்படிச் செய்வாங்கன்னு நான் கனவுலயும் நினைக்கல. ரெண்டு தடியனைக் கூட்டிட்டு வந்து...”

“நீங்க செஞ்ச பூட்டுல குமிழை எப்படிப் பிடிக்கணும்?”

“என்ன கேக்கறீங்க?”

“நீங்கதானே தந்தை?” என்றான் மச்சான். “பெத்த பிள்ளையை எப்படித் தூக்கணும்னு தெரியாதா?”

மேடைக்காரர் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

துப்பறிவாளர் அந்த வலது கட்டைவிரலை மெதுவாகத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். “இந்தக் காயம் ஒரே ஒரு இடத்துலதான் வரும். என் தங்கச்சி செஞ்ச பூட்டை, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச வழியில திருப்பத் தெரியாதவனுக்குத்தான் வரும். வெளிய போன பூட்டு ஒண்ணு. அது போன வாரம் களவு போச்சு. நேத்து ராத்திரி அந்தப் பெட்டகத்து முன்னால நீங்க உக்கார்ந்திருக்கீங்க. இனி நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?”

 மேடைக்காரர் பேசினார். தையல் போட்ட உதட்டில் சொற்கள் ஒவ்வொன்றும் இடறி விழுந்தன.

“பேப்பர்ல என் படத்தைப் பாத்துட்டு வந்திருக்கானுங்க. ரெண்டு பேர். வாசல்லயே வேன்ல ஏத்திட்டானுங்க. ஒரு கொட்டகை. நடுவுல பெட்டகம். திறங்கன்னான். திருப்பிப் பாத்தேன். மூணாவது தடவை தகடு பாய்ஞ்சுது. அவன் சிரிச்சான். விரல்ல இருந்த கட்டை அவிழ்த்துக் காட்டினான், அவனுக்கும் அதே காயம். சொந்த வீட்டு நாயே கடிக்குதான்னு கேட்டுட்டு, முதல் விரலை ஒடிச்சான்.”

“அப்பவாவது உண்மையைச் சொன்னீங்களா?”

“சொன்னேன் சார். நான் செய்யலன்னு கால்ல விழுந்து சொன்னேன். பெரிய மனுஷனுக்கு அடக்கம் ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவதை ஒடிச்சான்.”

மச்சான் கைகளை மறுபடியும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். 

“நாலாவது விரல்ல, அப்ப யார் செஞ்சதுன்னு கேட்டான். சொன்னேன். ஒரு பொம்பளை செஞ்சதுன்னா அவனுங்க நம்பல. எந்த ஊர்ல எந்தப் பொம்பளைடா இதைச் செய்வான்னு கேட்டுக் கேட்டு ஒடிச்சானுங்க.” அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. “ஏழாவது விரலுக்குத்தான் நம்பினானுங்க.”

துப்பறிவாளர் அந்தக் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்தார்.

“பதினாலு வருஷத்துல அவ பேரைச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணின ஒரே இடம் அது,” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். அதனாலதான் போலீஸ்லயும் அவங்க பேரைச் சொன்னேன். லாக்கப்புல இருந்தா அவனுங்க கையில சிக்க மாட்டாங்கல்ல? ஒரு விதத்துல பாத்தா அவங்களைக் காப்பாத்தினதே நான்தான்.”

“பாத்துக்கோங்க அத்தான்,” என்றான் மச்சான். “காட்டிக் கொடுத்ததுக்கும் கைதட்டல் கேக்கறாரு.”

துப்பறிவாளர் அதைக் கேட்கவில்லை. வேறொன்று அவர் நெஞ்சைக் கவ்வியிருந்தது. “அவன் விரல்லயும் காயமா? எந்த விரல்?”

“வலது கட்டைவிரல். கட்டுப் போட்டிருந்தான். ஒல்லியான ஆள். ஆஸ்பத்திரி வாசல்லயே இருப்பேன், வாயைத் திறந்தா மிச்சம் மூணும் போயிடும்னு...”

கதவு சுவரில் மோத, துப்பறிவாளர் நடைபாதைக்கு வந்துவிட்டார். நாற்காலி காலி. அதன் மேல் பாதி சிதைந்த ஆரஞ்சு. தாளில் பரவிய சாறு காயத் தொடங்கியிருந்தது.

பட்டறையிலயே இரு. தனியா இருக்கே. அவர் உரக்கச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த நாற்காலிக்குக் கேட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் பத்திரமாக இருந்தவளை வெளியே கொண்டுவந்ததும் அவர்தான். இருக்குமிடத்தை அறிவித்ததும் அவர்தான்.

தங்கையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

*

மச்சான் கார் ஓட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பறிவாளர் இன்ஸ்பெக்டருக்குப் போனில் நான்கு வாக்கியங்கள் சொன்னார். அப்போதும் குரல் குறையவில்லை. ஆனால் நடுங்கியது.

பட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. வாட்ச்மேன் குடிநீர்த் தொட்டியின் அருகே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மச்சான் குனிந்து பார்த்து, மூச்சிருக்கிறது என்று தலையசைத்தான். உள்ளே ஒரு வேன் பின்பக்கமாக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கதவுகள் திறந்திருந்தன. வேனுக்குள் இடுப்பு உயரப் பெட்டகம், காலையிலேயே ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அதன் முன்னால் தங்கை மண்டியிட்டிருந்தாள். கன்னம் வீங்கி, உதட்டோரம் ரத்தம் ஒழுகியது. காளைமாட்டுக் கழுத்துடன் ஒருவன் இரும்புக் கம்பியை அவள் தோளின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். அது விலகும்வரை துப்பறிவாளர் கதவு மறைவிலேயே நிற்க வேண்டியிருந்தது. ஆரஞ்சுக்காரன் அவளுடைய இடது சுண்டு விரலைத் தன் கைக்குள் பிடித்திருந்தான், குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போகிறவன் பிடிப்பதுபோல.

“கடைசி எண்,” என்றான். “தப்பா வந்தா இதுல ஆரம்பிப்பேன்.”

“விரலைப் பிடிச்சா கை நடுங்குது. விடு,” என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. “நடுங்கினா தப்பா வரும்.”

அவன் விட்டான். அவள் குமிழை உள்ளே அழுத்திப் பிடித்தாள். இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் பாதி. உள்ளே எங்கோ ஒரு சின்ன ஓசை. தாழ் விலகியது. அவள் கைப்பிடியை இழுக்க, கனத்த எஃகுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

ஒரு வாரமாகக் காத்திருந்தவனுக்குப் பொறுமை அத்தோடு முடிந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.

அவள் எழுந்து, காலை ஊன்றி, முழு உடம்பையும் கதவின் மேல் சாய்த்தாள்.

எலும்பு நொறுங்கும் சத்தம் துப்பறிவாளர் நின்ற இடம் வரை கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் அலறினான்.

கம்பிக்காரன் அவள் தலையை நோக்கிக் கம்பியை ஓங்கினான். துப்பறிவாளர் அந்த இடைவெளியில் பாய்ந்து குறுக்கே கையை நீட்டினார். கம்பி முழங்கைக்குக் கீழே இறங்கியது. கை செத்துத் தொங்கியது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதை அவன் ஓங்கும்போது அவன் முகம் வெள்ளைப் பொடியில் மறைந்தது. தீயணைப்புக் குடுவையைப் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றான்.

“நெருப்பு இல்லாட்டியும் பரவாயில்ல,” என்றான். “கொம்பு முளைச்சவனையும் அணைக்கும்.” குடுவை தீர்ந்ததும் அதையே தூக்கி அவன் முழங்காலில் போட்டான்.

கம்பிக்காரன் சரிந்தான். துப்பறிவாளர் உருண்ட கம்பியை நல்ல கையால் எடுத்தார். முதல் அடி அவனை எழவிடாமல் செய்ய. இரண்டாவது, தங்கையின் உதட்டில் இருந்த ரத்தத்துக்கு. மூன்றாவது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. நான்காவதற்குக் கை ஓங்கியபோது பின்னாலிருந்து அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. எண்ணெயும் இரும்பும் மணக்கும் கை.

“போதும் அண்ணா. அவன் எப்பவோ விழுந்துட்டான்.”

அவர் கம்பியைக் கீழே போட்டார். முப்பது வருடம் சீருடையில் இருந்தவர், விழுந்தவனை அடித்ததில்லை. தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசியது.

“நீ அன்னைக்குப் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினப்போ,” என்று ஆரம்பித்தார். 

“அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள் அவள். “மணி மூணாச்சு. நாலு மணிக்கு என்னைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறதா வாக்குக் கொடுத்திருக்கீங்க.”

*

நான்கு மணிக்குக் காவல் நிலையம் அந்த மருத்துவமனை அறைக்கே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்து மேடைக்காரரின் புது வாக்குமூலத்தை எழுதினார். துப்பறிவாளரின் கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. தங்கை கட்டிலின் காலடியில் நின்றாள். மச்சான் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியோடு, மாவு மில்லில் இருந்து வந்தவனைப் போலக் கதவோரம் நின்றான்.

கடத்தியது, ஒடித்தது, பொய்யாகப் பெயர் சொன்னது எல்லாம் எழுதியாயிற்று.

“அவங்க பேர்ல குற்றம் இல்லன்னு ஆயிடுச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர். “இனி ஒண்ணே ஒண்ணு. பெட்டகத்துப் பூட்டைச் செஞ்சது யாரு?”

மேடைக்காரர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். “எழுதிக்கோங்க. அது எங்க பட்டறையோட கூட்டு முயற்சி. நாங்க எல்லாரும் சேர்ந்து...”

“ஏறிட்டான்யா மறுபடியும் மேடையில,” என்றான் மச்சான்.

தங்கை வாயைத் திறந்தாள். உடனே அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து பழகிய பார்வை அது. சத்தம் போடலாமா கூடாதா என்று கேட்கிற பார்வை.

துப்பறிவாளர் கதவருகே போனார். மச்சானை விலக்கிவிட்டு, நல்ல கையால் கதவை முழுவதுமாகத் திறந்து வைத்தார். நடைபாதையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சத்தமா கேளும்மா,” என்றார். “வாசல் தாண்டட்டும்.”

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பூட்டு யார் செஞ்சது?”

“நீங்க.”

“எத்தனை பேர் சேர்ந்து செஞ்சோம்?”

“நீங்க மட்டும்தான்.”

“நடைபாதையில இருக்கிறவங்களுக்குக் கேக்கல.”

மேடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, தையல் இழுக்க இழுக்க, உரத்துச் சொன்னார். “பூட்டுக்காரிதான் செஞ்சாங்க. பதினாலு வருஷமா எல்லாத்தையும் அவங்கதான் செஞ்சாங்க.”

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதி, ஒருமுறை படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். பக்கத்து இரண்டு விரல்கள் பட்டையில் இருக்க, மிச்ச விரல்களில் பேனா நிற்கவில்லை. மை அட்டையைக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வலது கட்டைவிரலை மையில் உருட்டி, தாளில் அழுத்தினார்.

ரேகையின் நடுவில் வெள்ளையாக ஒரு பிறை விழுந்தது.

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். கோப்பைப் புரட்டிக் காலையில் எடுத்த தாளை வெளியே இழுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்ன சார் இது. ரெண்டு ரேகையிலயும் ஒரே மாதிரி வெட்டு இருக்கே.”

தங்கை குனிந்து பார்த்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று பட்டறையில் பார்ப்பதைப் போலவே பார்த்தாள்.

“இருக்கும்,” என்றாள். “ரெண்டும் என் வேலைதான்.”